உரத்தொட்டிக்குள் எதற்கு விஷம்?

வீட்டில் மக்கு உரம் தயாரிப்பவர்களிடையே ஒரு கருத்து எந்தக் கேள்வியும் இல்லாமல் வேரூன்றிவிட்டது. உரத்தொட்டிக்குள் புழு நெளிந்தால் உரம் கெட்டுவிட்டது, செடி வைத்த பையில் வெள்ளைப் புழு அகப்பட்டால் செடியின் கதை முடிந்தது, எனவே தாமதிக்காமல் எதையாவது ஊற்றிக் கொன்றுவிட வேண்டும் என்பதே அந்தக் கருத்து. அந்த ‘எதையாவது’ என்பது உப்புத் தண்ணீர், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் என்று தொடங்கி, உரக்கடையில் கிடைக்கும் குருணை மருந்திலும் குளோர்பைரிபாஸிலும் போய் நிற்கிறது. தொட்டியில் புழு என்று கேட்டு வருபவரிடம், என்ன புழு, எங்கே இருந்தது, என்ன தின்றுகொண்டிருந்தது என்று திருப்பிக் கேட்கும் கடைக்காரர் அபூர்வம். கேட்காததை அவர் குற்றமாக மட்டும் சொல்ல முடியாது. எல்லாப் புழுவும் ஒன்றே, எல்லாமே எதிரி என்று வாங்க வருபவரும் முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டுத்தான் வருகிறார். இந்த முடிவு தவறு என்பதும், இதன்படி நடப்பவர் தன் உரத்தையும் மண்ணையும், பல நேரங்களில் தன் தட்டில் விழும் கீரையையும் கெடுத்துக்கொள்கிறார் என்பதும் என் வாதம்.

முதலில், உரத்தொட்டிக்குள் புழு ஏன் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மக்குதல் என்பதே செத்த தாவரத்தையும் மிஞ்சிய உணவையும் உயிர்கள் தின்று செரித்து மண்ணாக்கும் வேலை. நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் அதைத் தொடங்குகின்றன. பூச்சிகளின் இளம்பருவங்களும் மண்புழுக்களும் மரவட்டைகளும் கழிவைக் கடித்துத் துண்டாக்கி, நுண்ணுயிர்கள் எளிதில் பற்றும்படி பரப்பைப் பெருக்கிக் கொடுக்கின்றன. ஒரு கன மீட்டர் அளவுக்குக் குவித்த பெரிய உரக்குவியல் சரியாக அமைந்தால் உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். அந்தச் சூட்டில் முட்டையும் புழுவும் மிஞ்சாது. ஆனால் பால்கனியில் வைக்கும் மண்பானை அடுக்குக்கும் இருபது லிட்டர் வாளிக்கும் அந்தச் சூட்டைப் பிடித்துவைக்கும் கனம் கிடையாது. நகரத்து வீடுகளில் நடப்பது பெரும்பாலும் சூடேறாத மக்குதல்தான். அங்கே சூடு செய்யாத வேலையைப் புழுக்கள் செய்கின்றன. காய்கறித்தோல் நிறைந்த வாளி ஒரு வாரத்தில் பாதியாக இறங்குகிறது என்றால், அதில் புழுக்களின் பங்கு பெரிது. அவற்றைக் கொன்றுவிட்டு உரம் சீக்கிரம் மக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, புளிக்கும் மாவில் நுரை கண்டு பயந்து அதைக் கொட்டிவிட்டு இட்லிக்குக் காத்திருப்பதைப் போன்றது.

வீட்டு வாளிகளில் கொத்துக் கொத்தாகப் பெருகி மக்களை அதிகம் கலவரப்படுத்துவது கருப்புப் படைவீரர் ஈ என்று அழைக்கப்படும் பூச்சியின் புழு. அதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தட்டையான உடல், தோல் போன்ற தடித்த மேற்புறம், வரிசையாகத் தெரியும் கணுக்கள், ஒரு முனையில் கூராகச் சிறுத்த தலை. கால்கள் கிடையாது. இளம்பருவத்தில் வெளிர் நிறமாக இருந்து, இரண்டு செ.மீ. அளவுக்கு வளர்ந்து முற்றியதும் கரும்பழுப்பாக மாறுகிறது. அமெரிக்கக் கண்டங்களில் தோன்றி இன்று வெப்பநாடுகள் எங்கும் பரவியுள்ள இனம் இது. தாய் ஈ கழிவின் மேலேயே முட்டையிடுவதில்லை. பக்கத்திலுள்ள காய்ந்த இடுக்கில், மூடியின் விளிம்பில், அட்டையின் மடிப்பில் நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரே கொத்தாக இடுகிறது. நான்கைந்து நாளில் பொரிந்த புழுக்கள் கழிவுக்குள் இறங்கி, நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று வாரம் தின்று தீர்க்கின்றன. முற்றியவை தின்பதை நிறுத்திவிட்டுத் தாமாகவே வெளியேறி உலர்ந்த இடம் தேடிப் போகின்றன. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் ஈ கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. வளர்ந்த ஈக்கு உணவின் தேவையே மிகக் குறைவு என்பதால் சமையலறைக்கு வந்து சாதத்தின்மேல் உட்காரும் பழக்கமும் அதற்கு இல்லை. சில நாட்கள் வாழ்ந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டுச் சாகிறது.

வீட்டு ஈயும் இந்த ஈயும் ஒன்று என்று நினைப்பதுதான் குழப்பத்தின் வேர். வீட்டு ஈ நோய்க்கிருமிகளைச் சுமந்து உணவில் வந்து உட்காரும் பூச்சி. அதைக் கண்டு அஞ்சுவதில் நியாயம் உண்டு. அதன் புழு வெண்மையாய், மென்மையாய், உருளையாய், தலைப்பக்கம் கூராய் இருக்கும். படைவீரர் ஈயின் புழுவுக்குரிய தட்டையும் தடித்த தோலும் அதற்குக் கிடையாது. படைவீரர் புழு நிறைந்த கழிவில் வீட்டு ஈ பெருகுவது குறைகிறது என்பதை 1959-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். கோழிப்பண்ணை எருவில் இதே விளைவை 1980-களில் மீண்டும் விரிவாக ஆராய்ந்தார்கள். இந்தப் புழுக்கள் கூட்டமாக இருக்கும் எருவில் வீட்டு ஈ முட்டையிடவே தயங்குகிறது என்பது அந்த ஆய்வுகளில் தெரிய வந்த செய்தி. ஆக, ஈத்தொல்லைக்குப் பயந்து இந்தப் புழுவைக் கொல்பவர், தன் தொட்டியை வீட்டு ஈக்குத் திறந்துவிடுகிறார். உலகெங்கும் இதே புழுவைக் கழிவு மேலாண்மைக்காகத் திட்டமிட்டு வளர்க்கிறார்கள். உலர்த்திய புழுவின் எடையில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு புரதம் என்பதால் அது மீனுக்கும் கோழிக்கும் தீவனமாகிறது. பிறர் முதலீடு செய்து வளர்ப்பதை நாம் காசு கொடுத்துக் கொல்கிறோம்.

இதற்கு எழும் முதல் மறுப்பு நாற்றமும் அருவருப்பும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டார் புகார் செய்கிறார்கள், புழு சுவரேறி வருகிறது, இதையெல்லாம் சகித்துக்கொள்ளச் சொல்வதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் நாற்றம் புழுவால் வருவதல்ல. கழிவில் தண்ணீர் தேங்கி, காற்று புகாமல் போகும்போது காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த நாற்றத்தை உண்டாக்குகின்றன. அதே ஈரமும் அதே மிகுதியான சமையல் கழிவும்தான் புழுவையும் அளவுக்கு மீறிப் பெருக்குகின்றன. புழுவைக் கொன்றாலும் ஈரம் போவதில்லை, நாற்றமும் போவதில்லை. செத்த புழுவின் நாற்றமும் சேர்ந்துகொள்ளும். கழிவு போடும் ஒவ்வொரு முறையும் அதை மூடும்படி காய்ந்த இலை, தென்னை நார்க்கழிவு, மரத்தூள் ஆகியவற்றில் ஒன்றைத் தாராளமாகப் பரப்பினால் இரண்டு தொல்லைக்கும் ஒரே மருந்து கிடைக்கிறது. ஒரு கைப்பிடி உரக்கலவையை இறுகப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளிக்கு மேல் சொட்டக் கூடாது. சோறு, குழம்பு, எண்ணெய்ப் பலகாரம் போன்றவற்றைத் தவிர்த்தாலே வீட்டு ஈயின் வரவு பெரிதும் தணியும். சுவரேறும் புழு முற்றி வெளியேறும் புழு. வாளியின் காற்றுத்துளைகளில் கொசுவலைத் துணியை ஒட்டிவிட்டால் முட்டையிட வரும் ஈயும் தடுக்கப்படும், வெளியேறும் புழுவும் நிற்கும். புழுவே வேண்டாம் என்பவருக்கு வலையும் காய்ந்த இலையும் போதும். அதற்கு விஷம் எதற்கு?

அடுத்தது, உரத்திலும் செடிப்பைகளிலும் கிடைக்கும் பருத்த வெள்ளைப் புழு. ஆங்கில ‘சி’ எழுத்தைப் போல வளைந்து, பழுப்புத் தலையும் ஆறு கால்களும் கொண்டது. இதைக் கண்டதும் வேர்ப்புழு என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். வண்டினங்களில் பலவற்றின் புழுக்கள் இதே வடிவில்தான் இருக்கும். அவற்றில் பூவண்டுகள் என்று சொல்லத்தக்க ஒரு குடும்பத்தின் புழுக்கள் மக்கிய இலையையும் சாணத்தையும் உளுத்த மரத்தையும் தின்று வளர்பவை. உயிருள்ள வேர் அவற்றின் விருப்ப உணவே அல்ல. இவற்றைப் பிரித்தறிய நுண்ணோக்கி தேவையில்லை. புழுவை ஒரு தட்டில் அல்லது சிமென்ட் தரையில் விட்டுச் சற்றுப் பொறுத்திருந்து பார்த்தால் போதும். பூவண்டின் புழு மல்லாந்து திரும்பி, கால்களை வானத்தைப் பார்க்க வைத்துக்கொண்டு, முதுகின் மடிப்புகளாலும் மயிர்களாலும் உந்தி விரைவாக நகரும். வேர்ப்புழுவும் காண்டாமிருக வண்டின் புழுவும் அப்படி நகர்வதில்லை. அவை பக்கவாட்டில் சுருண்டு கிடக்கும், அல்லது கால்களால் மெல்ல இழுத்து நகரப் பார்க்கும். பூவண்டுப் புழுவுக்குத் தலை சிறிது, கால்கள் குட்டை, பின்புறம் பருமன். அது வாழும் இடத்தில் விதை போன்ற கெட்டியான கரிய உருண்டைகள் சிதறிக் கிடக்கும். அவை அதன் எச்சம். இலைச்சருகு அதன் குடல் வழியே வந்து அந்த வடிவத்தை அடைந்திருக்கிறது. மண்புழு உரத்தைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் இந்த உருண்டைகளைக் கண்டு முகம் சுளிக்கக் காரணமே இல்லை.

வளைந்த வெள்ளைப் புழு என்றால் வேர் தின்னி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? இரண்டு ஊற்றுகள் தெரிகின்றன. ஒன்று, ஆங்கிலக் காணொளிகள் வழியாக வந்த அமெரிக்கப் புல்வெளியின் அச்சம். 1916-ல் நியூ ஜெர்சியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஜப்பானிய வண்டு அங்கே பரவி, அதன் புழு புல்லின் வேரைத் தின்று புல்வெளிகளைப் பாழாக்கியது. அந்த நாட்டில் புழுவைக் கொல்லும் அறிவுரை பெருகியதற்கு அது பெரிய காரணம். மாடியில் தக்காளி வளர்க்கும் மதுரைக்காரருக்கு அந்தப் புல்வெளியும் இல்லை, அந்த வண்டும் இல்லை. இன்னொன்று நம் சொந்த அனுபவம். கரும்பிலும் நிலக்கடலையிலும் வேர்ப்புழு விழுந்து வயல் திட்டுத் திட்டாகக் காய்ந்ததைக் கண்ட உழவர்களின் அறிவு அது. அந்த அறிவு முற்றிலும் உண்மை, வயலைப் பொறுத்தவரை. வயலில் புழு உயிருள்ள வேரோடு இருக்கிறது. உரத்தொட்டியில் வேரே கிடையாது. செத்த இலையைத் தின்ன வந்த புழுவுக்கு, வேரைத் தின்ற புழுவின் தண்டனையை விதிப்பது எந்த வகையில் நியாயம்? புழு எங்கே இருக்கிறது, என்ன தின்கிறது என்பதே அதன் நன்மை தீமையைத் தீர்மானிக்கிறது. நிறமும் வடிவமும் அதைச் சொல்வதில்லை.

சரி, தோட்டத்து மண்ணில் உண்மையான வேர்ப்புழு இருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். அப்போதும் முதலில் உதவுவது அதன் வாழ்க்கையைப் பற்றிய அறிவுதான். கோடைமழையோ பருவத்தின் முதல் மழையோ நன்றாகப் பெய்ததும், மண்ணுக்குள் காத்திருந்த வண்டுகள் அந்தி சாயும் வேளையில் கிளம்பி வேம்பு, வேலம், முருங்கை போன்ற மரங்களில் கூடி இலைகளைத் தின்று இணைசேர்கின்றன. பிறகு மண்ணுக்குத் திரும்பி முட்டையிடுகின்றன. ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். அந்தச் சில மாலைகளில் கிளைகளை உலுக்கி விழும் வண்டுகளைச் சேகரித்து அழிப்பது, மண்ணுக்குள் பரவிவிட்ட புழுக்களை ஆண்டு முழுவதும் துரத்துவதைவிடப் பலமடங்கு பயனுள்ளது. கோடை உழவில் புழு மேலே வந்தால் உண்ணிக்கொக்கும் மைனாவும் கரிச்சானும் பார்த்துக்கொள்ளும். வீட்டுத் தோட்டத்தில் அதே வேலையை மண்ணைக் கொத்திப் புரட்டுவது செய்யும். கையால் பொறுக்குவதும் சிறிய பாத்திகளுக்குப் போதுமானதே. அதற்கும் மேலே உதவி வேண்டுமென்றால், பூச்சிகளைத் தாக்கும் நூற்புழுக்கள் இருக்கின்றன. ஹெட்டரோராப்டைடிஸ் இண்டிகா என்ற நூற்புழு இனம் கோயம்புத்தூரில் கண்டெடுக்கப்பட்டு 1992-ல் உலக அறிவியலுக்கு அறிமுகமானது. அது ஈரமண்ணில் புழுவைத் தேடிப்போய் உடலுக்குள் நுழைந்து, தான் சுமந்துவரும் பாக்டீரியாவால் அதைக் கொல்கிறது. மனிதருக்கும் மண்புழுவுக்கும் அதனால் கேடில்லை. நம் மண்ணிலேயே கிடைத்த இந்தத் தீர்வு பொடி வடிவில் வேர்ப்புழுவுக்கு எதிராகப் பயன்பாட்டிலும் இருக்கிறது.

என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான மறுப்பு காண்டாமிருக வண்டு. இதை நான் சுற்றிவளைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். இந்த வண்டின் புழு வாழ்வது சரியாக நாம் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில்தான். எருக்குழியிலும் மக்கு உரத்திலும் உளுத்த தென்னை மரத்திலும் அது செத்த பொருளைத் தின்று, நல்ல பிள்ளையாக வளர்கிறது. ஆனால் வண்டாக மாறியதும் தென்னையின் விரியாத குருத்தைக் குடைகிறது. பின்னால் விரியும் மட்டையில் கத்தரியால் வெட்டியதைப் போன்ற முக்கோண வெட்டுகள் தெரிவது அதனால்தான். இளங்கன்றாக இருந்தால் மரமே போய்விடும். ரப்பர் நாற்றுகளோடு 1909-ல் இலங்கையிலிருந்து சமோவாத் தீவுக்குத் தற்செயலாகப் போய்ச் சேர்ந்த இந்த வண்டு, பசிபிக் தீவுகளின் தென்னைகளுக்குப் பெரும் சாபமானது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் தென்னைகளை அடியோடு சாய்த்தபோது, அப்புறப்படுத்தாமல் உளுத்துப்போகும் ஒவ்வொரு மரமும் இந்த வண்டின் தொட்டிலாகிவிடும் ஆபத்து இருந்தது. ஆகவே உரத்தில் வாழும் புழு எல்லாம் தோழன் என்று நான் சொல்லவில்லை. தென்னை உள்ள ஊரில் எருக்குழி வைத்திருப்பவருக்கு அண்டை வீட்டுத் தென்னைக்கும் பொறுப்பு உண்டு.

ஆனால் இந்த விதிவிலக்குதான் என் வாதத்தை மேலும் உறுதிப்படுத்துகிறது. காண்டாமிருக வண்டை வென்ற வரலாற்றைப் பாருங்கள். 1960-களில் மலேசியாவில் அலோய்ஸ் ஹ்யூகர் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்த வண்டைத் தாக்கும் வைரஸ் ஒன்றைக் கண்டறிந்தார். 1967-ல் அது சமோவாவில் விடப்பட்டு, அங்கும் பிற தீவுகளிலும் வண்டின் பெருக்கத்தை வெகுவாகக் குறைத்தது. இன்னொரு ஆயுதம் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சை. 1879-லேயே ஒதேசாவில் மெச்னிகோவ் அதைக் கோதுமை வண்டின் புழுவில் கண்டு பூச்சிக்கட்டுப்பாட்டுக்கு முயன்றார். இன்று எருக்குழியில் தெளிப்பதற்கென்றே அது விற்கப்படுகிறது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு தெளிக்க முடியாது. பூவண்டுப் புழுவையும் அது தாக்கும். எனவே யார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அதுவும். காண்டாமிருக வண்டின் புழு முற்றிய நிலையில் கட்டைவிரலைவிடப் பருத்து, ஆறு செ.மீ.க்கு மேல் நீண்டு, பெரிய பழுப்புத் தலையோடு பக்கவாட்டில் சுருண்டு கிடக்கும். முட்டையிலிருந்து வண்டாக அதற்குப் பல மாதங்கள் வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழியைப் புரட்டி, கண்ணில் படும் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டால், எந்தப் புழுவுக்கும் வண்டாகப் பறக்க நேரம் கிடைக்காது. இவ்வளவு பெரிய புழுவைக் கையால் எடுப்பதைவிட எளிதான பூச்சிக்கட்டுப்பாடு வேறு எது?

இப்போது குருணை மருந்தை எடுத்துக்கொள்வோம். பல்லாண்டுகளாக வேர்ப்புழு என்றாலே கடைகளில் கைக்கு வந்தது ஃபோரேட் அல்லது கார்போபியூரான். ஃபோரேட் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் மிகமிக நச்சுத்தன்மை கொண்ட முதல் பிரிவில் இருக்கிறது. 2018-ல் ஒன்றிய அரசு பிறப்பித்த ஆணையின்படி 2020 டிசம்பர் 31 முதல் அது இந்தியாவில் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. கார்போபியூரான் குருணைகளைத் தானியம் என்று கொத்தி ஏராளமான பறவைகள் செத்ததால், அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்திலேயே குருணை வடிவத்தைப் பெரும்பாலும் கைவிட்டார்கள். குளோர்பைரிபாஸுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. வயலுக்கே இந்த நிலை என்றால், வீட்டு மாடியில் உள்ள பையை எண்ணிப் பாருங்கள். கார்போபியூரான் வேர் வழியே ஏறி இலை முழுவதும் பரவும் மருந்து. மண்ணில் அதன் அளவு பாதியாகக் குறைய ஒரு மாதத்திலிருந்து நான்கு மாதம் வரை ஆகலாம். சிறுகீரையை விதைத்த இருபத்தைந்து நாளில் பிடுங்கிச் சமைக்கிறோம். கடைக் கீரையில் மருந்து என்று பயந்து மாடியில் தோட்டம் போட்டவர், அந்தக் கீரையை எந்தக் கடைக்காரரும் கொடுக்காத அளவு நஞ்சோடு பறிக்க நேரலாம். உரத்தொட்டிக்குள் இட்டால் நிலைமை இன்னும் மோசம். மண்புழுவும் மற்ற சிதைப்பான்களும் சாகின்றன, மக்குதல் தடுமாறுகிறது, நஞ்சு ஏறிய புழுவைக் கொத்தும் மைனாவும் கோழியும் பலியாகின்றன, மிஞ்சும் நஞ்சு உரத்தோடு எல்லாச் செடிகளுக்கும் பங்கிடப்படுகிறது.

வீட்டு வைத்தியங்கள் ஆபத்தில்லாதவை என்ற எண்ணமும் சரியல்ல. உப்பு புழுவைக் கொல்வதற்கு முன் மண்ணைக் கெடுக்கும். தொட்டியில் ஊற்றிய உப்பு கழிவோடு மக்கிப் போவதில்லை, உரத்தோடு செடிக்கே போய்ச் சேர்ந்து வேர் தண்ணீர் உறிஞ்சுவதைத் தடுக்கும். சுண்ணாம்பை அள்ளிப் போட்டால் காரத்தன்மை ஏறி, உரத்தில் இருக்க வேண்டிய தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் பறந்துவிடும். பிளீச்சிங் பவுடர் நுண்ணுயிர்களைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்டது. நுண்ணுயிர்களால் நடக்கும் வேலைக்கு நடுவில் அதைக் கொட்டுவதில் பொருளே இல்லை. மண்ணெண்ணெய் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேப்பம்புண்ணாக்கு இவற்றிலிருந்து வேறானது. செடிப்பையின் மண்ணில் அளவோடு கலந்தால் உரமாகவும் புழுக்களை ஓரளவு ஒதுக்கிவைப்பதாகவும் அது பயன்படும். ஆனால் நன்றாக மக்கிக்கொண்டிருக்கும் உரத்தொட்டிக்குள் அதற்கும் வேலையில்லை.

இத்தனை புழுவை யார் உட்கார்ந்து அடையாளம் காண்பது, ஒரு கைப்பிடி மருந்து போட்டால் வேலை முடிந்ததே என்பது இன்னொரு மறுப்பு. வேலை முடிவதில்லை என்பதே இதற்குப் பதில். இன்றைய புழுவை மருந்து கொல்லலாம். ஈரமும் மூடாத கழிவும் அப்படியே இருந்தால், அடுத்த வாரம் வரும் ஈக்கு அது மீண்டும் முட்டையிட ஏற்ற இடம்தான். அப்போது மீண்டும் மருந்து. இப்படி மருந்து ஒரு வழக்கமாகிறது. அடையாளம் காணும் வேலையோ ஒருமுறை கற்றால் ஆயுளுக்கும் போதும். தட்டையா உருளையா, கால் உண்டா இல்லையா, தட்டில் விட்டால் மல்லாந்து நகர்கிறதா என்ற சில கேள்விகளுக்குள் வீட்டுத்தோட்டத்தின் புழுக்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். வீட்டில் எழுதப் படிக்கத் தொடங்கிய பிள்ளையே இதைச் செய்துவிடும். எல்லா உரத்தையும் சல்லடையில் சலித்துத்தான் பயன்படுத்துகிறோம். அந்தச் சல்லடையில் தங்கும் புழுக்களைப் பிரித்தெடுக்கத் தனி நேரம் தேவைப்படுவதில்லை.

எதிர்த்திசையிலிருந்து வரும் ஒரு கருத்தையும் மறுக்க வேண்டும். இயற்கை வேளாண்மையின்மேல் பற்றுள்ளவர்களில் சிலர், எந்தப் புழுவையும் தொடாதீர்கள், இயற்கை தானே சமன்செய்துகொள்ளும் என்கிறார்கள். பரந்த காட்டில் அது உண்மையாக இருக்கலாம். பதினைந்து லிட்டர் பைக்குள் சமன் செய்ய யாரும் இல்லை. சாணமும் தென்னை நார்க்கழிவும் நிறைந்த பையில் விழுந்த வண்டுப்புழு, மக்கும் பொருள் தீர்ந்ததும் அருகில் இருக்கும் மென்மையான வேர்களையும் கடிக்க நேரலாம். அது குடையும் வேகத்தில் இளநாற்று ஆட்டம் காணும். உரத்தில் நன்மை செய்த பூவண்டு, வளர்ந்தபின் ரோஜா இதழ்களையும் கடிக்கும். படைவீரர் ஈயின் புழு தின்று முடித்த எச்சமும் அப்படியே செடிக்குப் போடத்தக்கதல்ல. அது பாதி மக்கிய பொருள். சில வாரம் ஆறப்போட்டு முற்றவிட்ட பின்பே அது உரம். மண்புழுத் தொட்டியில் இந்தப் புழுக்கள் மிகுந்தால் மண்புழுவுக்கான உணவைத் தின்று தீர்த்துச் சூட்டையும் கூட்டிவிடும் என்பதால், அங்கே புதுக்கழிவைக் குறைத்துப் பாதி மக்கியதை மட்டும் இட வேண்டும். ஆகவே தொடாதே என்பதும் கொல் என்பதைப் போலவே பார்க்க மறுக்கும் நிலைதான். உரத்தொட்டியில் இருக்கட்டும், செடிப்பைக்குப் போகக் கூடாது என்பதே நான் சொல்லும் விதி.

அந்த விதியை நடைமுறையில் காப்பது கடினமல்ல. உரம் முற்றியதும் ஒரு சாக்கின்மேல் மெல்லிய அடுக்காகப் பரப்பி இளவெயிலில் விட்டால், புழுக்கள் வெளிச்சத்துக்கு அஞ்சி அடியில் ஒதுங்கும். மேலிருப்பதை வழித்தெடுத்துச் சலிக்கலாம். சேர்ந்த புழுக்களில் மல்லாந்து நகர்பவை அடுத்த தொட்டிக்குத் திரும்பலாம். சந்தேகத்துக்குரியவை மைனாவுக்கோ கோழிக்கோ போகலாம். வெளியிலிருந்து மூட்டையாக வாங்கும் தொழு உரம்தான் காண்டாமிருகப் புழு வீட்டுக்குள் வரும் முக்கிய வழி என்பதால், அதைப் பிரித்துக் கொட்டிப் பார்க்காமல் எந்தப் பையிலும் கலக்கக் கூடாது. வாடும் செடியின் பையைக் கவிழ்த்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். வேரில் கடிபட்ட அடையாளம் இருந்தால் புழுவைப் பொறுக்கிவிட்டு மண்ணை மாற்றலாம். வேர் நலமாக இருந்தால், வாட்டத்துக்கு நீரோ வெயிலோ நோயோ காரணம் என்று தெரிந்து அதைச் சரிசெய்யலாம். கண்ணில் பட்ட புழுவின்மேல் பழியைப் போட்டால் உண்மையான காரணம் தப்பித்துக்கொள்ளும்.

இது சிலரின் பொழுதுபோக்கைப் பற்றிய சிறு விவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் நகரங்களின் குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்கக்கூடியது. சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக்கிடங்குகளிலும் கோவை வெள்ளலூர் கிடங்கிலும் குவிந்தது நம் அடுப்படியிலிருந்து போனதும்தான். திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கச் சொல்கின்றன. உள்ளாட்சிகள் வீட்டு உரத்தை ஊக்குவிக்கின்றன, தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தொகுப்பை மானியத்தில் தருகிறது. ஆர்வத்தோடு தொடங்கும் ஒருவர் புழு தெரிந்த அன்றே வாளியைக் குப்பை வண்டியில் கவிழ்த்துவிட்டால் அந்த முயற்சி அத்தனையும் வீண். இன்னொருவர் வாளியைக் காப்பாற்ற மருந்து போட்டால் அது அதைவிடக் கேடு. மானியத் தொகுப்போடு நான்கு புழுக்களின் படம் அச்சிட்ட ஓர் அட்டையைச் சேர்த்துக் கொடுக்க அரசுக்குப் பெரிய செலவு ஆகாது. உரவாளி விற்பவர்கள் புழு வராது என்று பொய்யாக உறுதியளிப்பதை விட்டுவிட்டு, எது வரும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மூடியிலேயே எழுதலாம். உரக்கடையில் மருந்தை எடுத்து நீட்டும் முன் என்ன புழு என்று கேட்பதைக் கட்டாய நடைமுறையாக்கலாம். அதுவரை நம் கையில் இருப்பது ஒரு தட்டும் கொஞ்சம் பொறுமையும். எந்தப் புழு என்று தெரியாதவரை எந்த மருந்தும் வாங்குவதில்லை என்று வீட்டுக்கு வீடு முடிவெடுத்தால், உரத்தொட்டிகளுக்குள் போகும் நஞ்சில் பெரும்பகுதி கடையிலேயே நின்றுவிடும்.